ட்ரூமன் பால்கனி: ஒரு முகப்பு மாற்றம் பரிசீலிக்கப்பட்ட விதம்

1947-ஆம் ஆண்டுக் கோடையில், வாஷிங்டனில் குடியிருந்த ஒருவர் தம் வீட்டின் தெற்கு முகப்பில் ஒரு பால்கனி வேண்டும் என்று முடிவு செய்தார். வீடு அவருக்குச் சொந்தமில்லை. இன்னும் எத்தனை வருடம் அங்கே இருப்பார் என்பதும் அடுத்த ஆண்டுத் தேர்தலின் கையில் இருந்தது. அவர் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன். வீடு வெள்ளை மாளிகை.

பழைய கட்டடங்களின் முகப்பை மாற்றக் கேட்டு வரும் விண்ணப்பங்களை எப்படிப் பரிசீலிக்க வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வுதான் முதலில் நினைவுக்கு வரும். இதில் வில்லன் கிடையாது. கேட்டவரின் தேவை உண்மையானது. வரைந்த கட்டடக் கலைஞர் தேர்ந்தவர். மறுத்த குழுவும் நியாயமான காரணத்தோடுதான் மறுத்தது. அப்படியிருந்தும் பரிசீலனை உடைந்துபோனது. எல்லோரும் வெளிச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், வீட்டின் உள்ளே உத்தரங்கள் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. நான் இந்த ஆய்வை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்தக் கடைசி விஷயம்தான்.

வீடு

அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஹோபன் வடிவமைத்த இந்த மாளிகைக்கு 1792 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். 1800 நவம்பரில் அதிபர் ஜான் ஆடம்ஸ் குடியேறினார். வெளிச்சுவர்கள் வர்ஜீனியாவின் அக்குவியா ஓடைப் பக்கத்துக் கல்குவாரியில் வெட்டிய மணற்கல். 1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை தீ வைத்தது. உட்பகுதி சாம்பலாகி, கரி படிந்த சுவர்கள் மட்டும் நின்றன. ஹோபனே திரும்ப வந்து கட்டிக்கொடுத்தார்.

நம் விஷயத்துக்கு வேண்டிய பகுதி 1824-இல் சேர்ந்தது. அதுதான் தெற்குப் போர்ட்டிகோ, அதாவது தூண்கள் தாங்கும் முகமண்டபம். வீட்டின் தென்பக்கம் நடுவில் அரைவட்டமாக வெளியே தள்ளி நிற்கும் ஆறு அயோனிக் தூண்கள் (தலையில் சுருள் வடிவம் கொண்ட கிரேக்கப் பாணித் தூண்கள்). வடக்குப் போர்ட்டிகோ அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. அதாவது, 1947-இல் 'தொடக்கூடாது' என்று எல்லோரும் காக்க நினைத்த அந்த முகப்பே, ஆதி வீட்டில் இல்லாத ஒரு பிற்சேர்க்கை. இதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பழைய வீட்டைப் பற்றிப் பேசினாலும் 'மூல வடிவம்' என்று ஒன்றைச் சட்டென்று கைகாட்டிவிட முடியாது. எந்தக் காலத்து வடிவத்தைக் காக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அந்தத் தூண்கள் ஏன் அவ்வளவு உயரம் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். கீழே தரைத்தளம், அதற்கு மேல் வரவேற்பு அறைகள் இருக்கும் தளம், அதற்கும் மேல் குடும்பம் வசிக்கும் தளம். தூண்கள் வரவேற்புத் தளத்தில் எழுந்து, குடும்பத் தளத்தையும் கடந்து, கூரை விளிம்பைத் தாங்குகின்றன. இரண்டு மாடிகளை ஒரே மூச்சில் கட்டிப்போடும் தூண் வரிசை இது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மாடிக் கணக்கு தெரியக்கூடாது. உயரமும் அதன் பின்னால் தேங்கி நிற்கும் நிழலும்தான் தெரிய வேண்டும். அந்த நிழல் தற்செயலாக விழுந்ததில்லை. வெள்ளைத் தூணுக்குப் பின்னால் இருட்டு இருந்தால்தான் தூண் எழுந்து நிற்கும்.

கேட்டது என்ன

தெற்கு என்றால் வெயில். வாஷிங்டனின் கோடை ஈரமும் புழுக்கமும் கொண்டது. வரவேற்புத் தளத்தின் நீல அறைக்கு முன்னால் உள்ள திண்ணையில் வெயில் அடிக்காதிருக்க, ஒவ்வொரு கோடையிலும் தூண்களுக்கு நடுவே கித்தான் மறைப்புகளைக் கட்டுவார்கள். தூணின் பாதி உயரத்தில், குறுக்கே, பட்டை பட்டையாக. மழையும் தூசியும் பட்டு அவை அழுக்கேறிவிடும். வெள்ளைத் தூணை ஒட்டி அழுக்குக் கித்தான். ட்ரூமனின் முதல் முறையீடு இதைப் பற்றியது. தூண்களின் அழகைக் காக்க வேண்டும் என்கிறீர்களே, இந்தக் கந்தலைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அவர் சொன்ன தீர்வு இதுதான். குடும்பத் தளத்தின் மட்டத்தில், தூண்களுக்குப் பின்னால் ஒரு தளம் போட்டால், அதுவே கீழ்த் திண்ணைக்குக் கூரையாகிவிடும். கித்தான் வேண்டாம். தேவைப்படும் நேரத்தில் இறக்கிக்கொள்ள மரச்சட்டத் திரைகளைப் பால்கனிக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாடி உயரத்துக்கு ஒல்லியாக நீண்டு நிற்கும் தூண்களின் தோற்றமும் நடுவில் ஒரு கோடு விழுந்தால் சரியாகும் என்றார். முன்னுதாரணமாக முன்னாள் அதிபர் ஜெஃபர்சனைக் கூப்பிட்டார்: வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஃபர்சன் கட்டிய பெவிலியன்கள் என்ற தனிக்கட்டடங்களில் உயர்ந்த தூண்களுக்குப் பின்னால் மாடிப் பால்கனி இருக்கிறதே என்று.

இவற்றுக்கு அடியில் இன்னொரு தேவை இருந்தது. மிசூரியில் இண்டிபென்டன்ஸ் ஊரில் அவர் வாழ்ந்த வீட்டில் திண்ணை உண்டு. இந்த மாளிகையில், குடும்பம் இருக்கும் தளத்திலிருந்து ஒரு எட்டு எடுத்து வைத்துக் காற்று வாங்க இடம் கிடையாது. கீழே இறங்கினால் காவலர், விருந்தினர், பணியாட்கள். மாலையில் நாற்காலி போட்டு உட்கார ஓரிடம் வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்பதை நான் அற்ப ஆசை என்று ஒதுக்கமாட்டேன். பரிசீலிக்கிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. விண்ணப்பத்தில் அழகுக் காரணமும் வரலாற்றுக் காரணமும் எழுதியிருக்கும். உண்மைக் காரணம் வசதியாக இருக்கும். அதை வெளிப்படையாகக் கேட்டு, வெளிப்படையாக எடை போட்டால் பாதிச் சண்டை நடக்காது. தன் குடும்பத்தின் வசதியைக் குழு கணக்கிலேயே எடுக்கவில்லை என்ற கசப்பு ட்ரூமனுக்கு இருந்தது.

வரைந்து கொடுத்தவர் நியூயார்க்கின் வில்லியம் ஆடம்ஸ் டெலனோ. செவ்வியல் பாணியில் கைதேர்ந்தவர். மாளிகையின் கட்டடக் கலைஞராக அப்போது பணியிலிருந்தவர் லொரென்சோ வின்ஸ்லோ. டெலனோவுக்கு இந்த வீடு புதிதல்ல. 1927-இல் அதிபர் கூலிட்ஜ் காலத்தில் கூரையை உயர்த்தி மூன்றாம் தளத்தை முழுத் தளமாக்கியபோதும் வரைந்தவர் அவர்தான். இந்த விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

மறுத்தது யார்

நுண்கலை ஆணையத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1910-இல் சட்டம் போட்டு அமைத்தது. ஏழு உறுப்பினர்கள். தலைநகரின் பொதுக் கட்டடங்கள், சிலைகள், பூங்காக்கள் பற்றி ஆலோசனை சொல்வது அதன் வேலை. டெலனோவே 1920-களில் அதன் உறுப்பினராக இருந்தவர். 1947-இல் தலைவர் கில்மோர் கிளார்க், நிலத்தோற்றக் கலைஞர்.

ஆணையம் பால்கனி கூடாது என்றது. அவர்கள் வாதத்தை என் சொல்லில் தருகிறேன்: இந்தப் போர்ட்டிகோவின் உயிர் அதன் நெடுக்குக் கோடுகளில் இருக்கிறது, நடுவில் ஒரு கிடைக்கோட்டை இழுத்தால் இரண்டு மாடி உயரத் தூண் வரிசை என்ற எண்ணமே சிதைந்துபோகும், நாட்டு மக்கள் அத்தனை பேரும் மனத்தில் வைத்திருக்கும் ஒரு முகத்தில் கோடு கிழிப்பதாகும்.

நல்ல வாதம். வலுவில்லாத வாதம் ட்ரூமனுடைய முன்னுதாரணம்தான் என்பது என் எண்ணம். வர்ஜீனியா பெவிலியன்களில் பால்கனி வேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து, அதற்கேற்பத் தூணும் கதவும் சன்னலும் ஒரே கையால் அளவெடுத்து வரையப்பட்டன. இங்கேயோ ஏற்கெனவே முடிந்துபோன ஒரு விகிதத்துக்குள் புதிய கோட்டை நுழைக்க வேண்டும். 'வேறொரு நல்ல கட்டடத்தில் இருக்கிறது' என்பது இந்தக் கட்டடத்தில் வைப்பதற்குக் காரணம் ஆகாது. விண்ணப்பங்களில் இந்த வாதம் ஓயாமல் வரும்; பக்கத்துத் தெருப் புகைப்படத்தை ஒட்டியிருப்பார்கள். அந்தப் புகைப்படத்தை எடுத்து வைத்துவிட்டு இந்த வீட்டை அளக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆணையமும் ஒன்றைச் செய்யத் தவறியது. கித்தான் மறைப்பு அசிங்கம் என்ற முறையீடு முழுக்க நியாயமானது. ஒவ்வொரு கோடையிலும் மாதக்கணக்கில் அந்தத் தூண்களை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு கிடைக்கோடு இருக்கத்தான் செய்தது, அதுவும் அழுக்குத் துணியில். குழு காக்க நினைத்த தடையற்ற நெடுக்குக்கோடு குளிர்காலத்தில் மட்டும் இருந்த ஒன்று. கட்டடத்தை அதன் நல்ல நாளில் எடுத்த படத்தை வைத்துப் பேசிவிட்டு, அது வருடத்தில் பாதி நாள் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டார்கள்.

வரைபடத்தில் ஒன்று, கண்ணில் ஒன்று

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது. எலிவேஷன் என்று நாம் சொல்லும் முகப்பு வரைபடம் ஒரு பொய்யைச் சொல்கிறது. அதில் ஆழம் கிடையாது. தூணும், தூணுக்குப் பல அடி பின்னால் இருக்கும் சுவரும், நடுவில் வரும் தளமும் ஒரே தாளில் ஒரே கனத்தில் கோடுகளாக விழும். அப்படிப் பார்த்தால் பால்கனி ஆறு தூண்களையும் குறுக்கே அறுத்த மாதிரிதான் தெரியும்.

நேரில் பார்ப்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. டெலனோவின் தளம் தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. தூண் அடியிலிருந்து உச்சிவரை வெட்டுப்படாமல் முன்னால் போகிறது. தளத்தின் விளிம்பு தூணுக்கும் தூணுக்கும் இடையில் மட்டும் தெரிகிறது. விளிம்பு மெல்லியது. கைப்பிடி, பருத்த கல் குமிழ்களால் ஆனதாக இல்லாமல் லேசான இரும்புக் கம்பி. அரைவட்டப் போர்ட்டிகோ என்பதால் தளமும் அந்த வளைவையே பின்பற்றுகிறது. பெரும்பாலான நேரம் அது நிழலுக்குள் இருக்கிறது. தூரத்தில் புல்வெளிக்கு அப்பாலிருந்து பார்த்தால் வெண்மைக்குப் பின்னால் ஒரு மங்கலான கோடு.

அந்தக் கோடு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1948-க்கு முந்தைய புகைப்படம் ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய படத்தில், கித்தான் இல்லாத நாளில், தூண்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இருட்டு, ஒரே துண்டாக. புதிய படத்தில் அந்த இருட்டு மேல் கீழ் என்று இரண்டாகிவிட்டது. மாடிக் கணக்கு தெரிகிறது. போர்ட்டிகோ கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஆனால் வீடு போலவும் ஆகிவிட்டது. இது இழப்பா என்று கேட்டால், ஆம், சிறிய இழப்பு. கித்தானோடு ஒப்பிட்டால்? லாபம்.

இந்த முடிவுக்கு வரைபடத்தை வைத்து வர முடியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதனால்தான் முகப்பு மாற்றத்தைப் பரிசீலிக்கும் குழுக்கள் இன்று முழு அளவு மாதிரி கேட்கின்றன. மரச்சட்டமும் துணியும் கொண்டு, சரியான உயரத்தில், சரியான கனத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். தெருவில் நின்று, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பார்ப்பார்கள். கூரையில் புதிய அறை கேட்கிறவரிடம், நான்கு மூலையிலும் கம்பு நட்டு ஆரஞ்சு நிற வலை கட்டச் சொல்வது இதே காரணத்துக்குத்தான். வரைபடத்தில் பயமுறுத்திய மாற்றம் தெருவில் மறைந்துபோவதும் உண்டு. வரைபடத்தில் சாதுவாக இருந்த பிளாஸ்டிக் சன்னல் சட்டம், மூன்றடி தூரத்தில் பல்லைக் காட்டுவதும் உண்டு.

ஆலோசனை என்ற பெயரில்

1948 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் பத்திரிகைகள் கொதித்தன. எதிர்க்கட்சியினர் பிடித்துக்கொண்டார்கள். தேர்தல் ஆண்டு வேறு. 'குடியிருக்க வந்தவர் வீட்டை மாற்றலாமா' என்பது கேள்வி.

ட்ரூமன் பின்வாங்கவில்லை. அவருக்கு முந்தைய அனுபவம் ஒன்று இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் மேற்குப் பிரிவு அலுவலகத்தைப் பெரிதாக்கத் திட்டமிட்டு, எதிர்ப்புக் கிளம்பி, காங்கிரஸ் 1946-இல் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த முறை பணத்துக்காகக் காங்கிரஸிடம் போகவே இல்லை. மாளிகையின் பராமரிப்பு நிதியிலிருந்து, சுமார் 16,000 டாலரில் முடித்துவிட்டார். 1948 மார்ச்சில் பால்கனி தயார். ஆணையத்தின் மறுப்பு கோப்பில் இருந்தது. 1950-இல் கிளார்க்கின் காலம் முடிந்தபோது ட்ரூமன் அவரை மறுபடி நியமிக்கவில்லை.

ஆணையத்துக்குச் சட்டப்படி இருந்தது ஆலோசனை அதிகாரம் மட்டும். கேட்டாக வேண்டும், ஏற்றாக வேண்டியதில்லை. ஆலோசனை முறைக்கும் பயன் உண்டு. நல்ல குழுவும் திறந்த மனமுள்ள விண்ணப்பதாரரும் உட்கார்ந்தால் மூன்று கூட்டத்தில் வரைபடம் எவ்வளவோ மேம்படும். ஆனால் ஆலோசனை பலிக்க வேண்டுமென்றால் அதை முடிவுக்கு முன்னால் கேட்க வேண்டும். ட்ரூமன் ஒப்புதலைத் தேடினார், ஆலோசனையை அல்ல. ஆணையமோ வேண்டாம் என்பதைத் தாண்டி, 'செய்தே தீருவீர்கள் என்றால் இன்னின்ன அளவில், இவ்வளவு பின்னால் தள்ளி' என்று இரண்டாவது நிலை எதையும் முன்வைத்துப் பேரம் பேசவில்லை. பால்கனி கண்ணை உறுத்தாமல் அமைந்தது டெலனோவின் கைத்திறனால். பரிசீலனைக்கு அதில் பங்கில்லை. இதுவே கைத்திறன் இல்லாத ஒருவர் கையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கலக்கமாக இருக்கிறது. விளைவு நன்றாக அமைந்ததால் நடைமுறையும் சரி என்று சிலர் எழுதுகிறார்கள். ஏற்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவர் உயிரோடு அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்பதற்காக அதைச் சாலை கடக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்க மாட்டோம்.

இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். 1950-இல் காங்கிரஸ் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதிக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அங்கே சாதாரண வீட்டுக்காரர் ஒருவர் தெருவிலிருந்து தெரியும்படி வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுவதென்றால் இதே நுண்கலை ஆணையத்தின் கருத்துக்குப் போக வேண்டும். மூன்று கட்டடக் கலைஞர்கள் கொண்ட தனிக்குழு வரைபடத்தைப் பார்க்கும். அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் நாட்டின் மிகப் புகழ்பெற்ற வீட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. 1966-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அரசுத் துறைகள் வரலாற்றுக் கட்டடங்களில் கைவைக்குமுன் விளைவைப் பரிசீலிக்க வேண்டும் என்று விதித்தபோதும், அதன் 107-ஆம் பிரிவு வெள்ளை மாளிகை, காங்கிரஸ் கட்டடம், உச்ச நீதிமன்றம் மூன்றுக்கும் விலக்குக் கொடுத்தது. 2025 அக்டோபரில் விருந்து மண்டபம் ஒன்றுக்காக மாளிகையின் கிழக்குப் பிரிவை இடித்தபோது எழுந்த விவாதத்திலும் இந்த 107-ஆம் பிரிவே நடுவில் வந்து நின்றது. 1960-இலேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட வீடு இது.

உள்ளே

இப்போது உத்தரங்களுக்கு வருகிறேன்.

பால்கனிச் சண்டை நடந்த அதே காலத்தில் மாளிகையின் மேல்தளங்கள் நடக்கும்போது அதிரத் தொடங்கியிருந்தன. நீல அறையின் பெரிய சரவிளக்கு, மேலே ஆட்கள் நடந்தால் அசைந்தது. 1948 தொடக்கத்தில் பொறியாளர்கள் சோதித்தார்கள். அந்தக் கோடையில் ட்ரூமனின் மகள் மார்கரெட்டின் பியானோக் கால் தரைப்பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. நவம்பரில், தேர்தலில் வென்ற கையோடு, குடும்பம் எதிரே இருந்த பிளேர் மாளிகைக்கு மாறியது. பால்கனி கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது.

காரணங்கள் பல. நூற்றாண்டுக்கு மேலாகத் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், வெப்பக் குழாய், மின்கம்பி என்று ஒவ்வொன்றாக நுழைக்க, ஒவ்வொருவரும் மர உத்தரங்களில் வெட்டிக்கொண்டே போனார்கள். உட்புறச் சுவர்களின் அடித்தளம் பலமற்ற மண்ணில் இருந்தது. அதோடு, 1927-இல் உயர்த்திய மூன்றாம் தளம்: எஃகும் கான்கிரீட்டும் கொண்ட அந்தப் புதிய பாரம் பழைய சுவர்களின் தலையில் ஏறியது. வரைந்தவர் டெலனோ. வெளியிலிருந்து பார்த்தால் மிக நாசூக்கான வேலை. கூரை உயர்ந்ததே தெரியாது. முகப்பைக் கெடுக்காத அந்த மாற்றம்தான் எலும்பை முறித்த மாற்றங்களில் ஒன்று.

இந்த நிகழ்வு எனக்குக் கற்றுத்தந்தது இங்கேதான். ஏராளமான மை ஒரு தளத்துக்கும் ஒரு கைப்பிடிக் கம்பிக்கும் செலவானது. தூண் இரண்டாகத் தெரியுமா என்று நாடே பேசியது. அந்தத் தளம் ஒட்டி நிற்கும் சுவர், அதன் பின்னால் இருக்கும் தரை எந்த நிலையில் இருக்கிறது என்பது பரிசீலனையின் கேள்வியாக வரவில்லை. இன்றும் பல இடங்களில் விதிமுறை 'வெளித்தோற்றம்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. உள்ளே என்ன ஆகிறது என்பது குழுவின் வேலை இல்லை என்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் பழைய சுமை தாங்கும் சுவரில் எதையாவது கோக்க அனுமதி கேட்கிறவரிடம், 'எதில் கோக்கப் போகிறீர்கள், அது தாங்குமா' என்று கேட்பது வெளித்தோற்றக் கேள்விதான். சுவர் பிளந்தால் முதலில் போவது முகப்பு.

பிறகு நடந்தது தெரிந்ததே. மாளிகையை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்ற யோசனையும் வந்தது. வெளிச்சுவர்கள் நிற்க வேண்டும் என்ற பக்கம் ட்ரூமன் நின்றார். 1949 இறுதியில் தொடங்கி உட்புறம் முழுதும் கழற்றப்பட்டது. சுவர்களுக்கு அடியில் ஆழமாகத் தோண்டிப் புதிய அடித்தளம், உள்ளே எஃகுச் சட்டகம். 1952 மார்ச்சில் குடும்பம் திரும்பியது. செலவு சுமார் 57 லட்சம் டாலர். அந்த வேலையின்போது உள்ளே மண் தள்ள புல்டோசர் தேவைப்பட்டது. அதை நுழைக்கச் சுவரில் பெரிய வழி வெட்ட ட்ரூமன் சம்மதிக்கவில்லை. இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இருக்கிற வாசல் வழியே உள்ளே கொண்டுபோய், அங்கே மறுபடி பூட்டினார்கள். முகப்பில் கோடு போட்டவர் என்று ஏசப்பட்ட மனிதர், முகப்புக் கல்லில் ஒரு துளை போடவும் விடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வருவது இங்கே.

ஆனால் உள்ளிருந்த பழைய மரமும் பூச்சு வேலையும் பெரும்பகுதி போய்விட்டன. 1814-க்குப் பிறகு ஹோபன் கட்டியவையும் அவற்றில் உண்டு.

இன்றைய அளவுகோலில்

1977-இல் அமெரிக்க உள்துறைச் செயலர் பெயரில் வெளியான மறுசீரமைப்பு நெறிகள் பத்து. அமெரிக்காவில் ஊர்தோறும் உள்ள பரிசீலனைக் குழுக்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கையில் வைத்துக்கொள்கின்றன. ட்ரூமனின் விண்ணப்பத்தை இவற்றுக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும்?

ஒன்பதாவது நெறி: புதிய வேலை பழைய பொருளை அழிக்கக்கூடாது; பழையதிலிருந்து வேறுபட்டும் தெரிய வேண்டும், அதோடு இசைந்தும் போக வேண்டும். பால்கனிக்காக எந்தத் தூணையும் எடுக்கவில்லை. இசைவில் நல்ல மதிப்பெண். வேறுபாட்டில் குறைவு, விவரம் தெரியாதவர் அதை 1824-இன் பகுதி என்றே நினைப்பார். பத்தாவது நெறி: நாளை எடுத்துவிட்டால் கட்டடத்தின் அடிப்படை வடிவம் அப்படியே இருக்க வேண்டும். தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதால் கொள்கையளவில் தேறும். மூன்றாவது: இல்லாத வரலாற்றை இருந்தது போலக் காட்டக்கூடாது. 'ஜெஃபர்சன் பாணி' என்ற வாதம் இங்கே தடுக்கும். இரண்டாவது: கட்டடத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் கூறுகளைக் காக்க வேண்டும். ஆணையத்தின் முழு வழக்கும் இதில்தான்.

என் முடிவு: நிபந்தனைகளோடு அனுமதி. முதல் நிபந்தனை, கட்டமைப்புச் சோதனை அறிக்கை வராமல் வேலை தொடங்கக்கூடாது. இரண்டாவது, முழு அளவு மாதிரியைப் புல்வெளிக்கு அப்பாலிருந்து பார்த்த பிறகே விளிம்பின் கனமும் கைப்பிடியின் உயரமும் உறுதியாகும். மூன்றாவது, கித்தான் நிரந்தரமாகப் போக வேண்டும். அதற்கு வரும் மாற்றுத் திரை சுருட்டியிருக்கும்போது கண்ணில் படக்கூடாது. நான்காவது, எந்த ஆண்டு எதற்காகச் சேர்த்தது என்ற பதிவும் அளவெடுத்த வரைபடமும் கட்டடத்தின் கோப்பில் இருக்க வேண்டும். மறுப்பு என்று எழுதினால் எனக்குச் சுலபம். கித்தான் அங்கேயே தொங்கும்.

இனி, திருப்பம் நான்காவது நெறியில் இருக்கிறது. காலப்போக்கில் தனக்கென்று முக்கியத்துவம் பெற்றுவிட்ட மாற்றங்களைக் காக்க வேண்டும் என்கிறது அது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறித்தொகுப்பான 1964-இன் வெனிஸ் சாசனத்தின் 11-ஆம் உறுப்பும் எல்லாக் காலத்தின் நியாயமான பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது. 1928-இலிருந்து 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இந்தத் தெற்கு முகப்புதான். 1948-இல் அந்தப் படத்தைத் திருத்தி, தூண்களுக்கு நடுவே பால்கனியைச் செதுக்கினார்கள். 1998-இல் நோட்டு வடக்கு முகப்புக்கு மாறும்வரை ஐம்பது ஆண்டுகள் அந்தக் கோடு கைக்குக் கை போனது. நாட்டு மக்கள் மனத்தில் இருக்கும் முகம் என்று ஆணையம் சொன்னதே, அந்த முகத்தில் இப்போது பால்கனியும் உண்டு.

ஆகவே இன்று ஒருவர் வந்து, '1824-இன் தூய வடிவத்துக்குத் திரும்புவோம், பால்கனியை எடுப்போம்' என்று விண்ணப்பித்தால், கிளார்க்கின் ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொண்டபடியே நான் மறுப்பேன். அந்த மறுப்பில் இன்னொரு குறிப்பையும் சேர்ப்பேன். வெளிச்சுவரின் பல அடுக்குப் பெயின்டைச் சுரண்டி எடுத்துக் கல்லைச் செப்பனிட்டபோது, பால்கனியில் ஓரிடத்தைத் திரும்பப் பூசாமல் விட்டார்கள். அங்கே மணற்கல்லில் 1814-இன் கரி இன்னும் இருக்கிறது.